கடற்போர் சீட்டாட்டம்: நிறைய அடிப்பவர் ஏன் வெல்வதில்லை? விதிச் சந்தேகங்களும் உத்தியும்

சுக்கான்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கடற்போர் சீட்டாட்டம் ஆடுகிறோம். ஏவலான் ஹில் என்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'நேவல் வார்' வகையறாதான், ஆனால் பல விதிகளை எங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். அதனால் முதலில் எங்கள் விதியைச் சொல்லிவிடுகிறேன்.

ஆளுக்கு 5 கப்பல் சீட்டு, எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் வரிசையாக இருக்கும். கையில் 5 ஆட்டச் சீட்டு, மறைவாக. கப்பல் சீட்டில் இரண்டு எண்: பீரங்கி எத்தனை அங்குலம், கப்பல் எத்தனை அடி தாங்கும். யமாட்டோ, அயோவா 9 தாங்கும். வார்ஸ்பைட், ஷார்ன்ஹோர்ஸ்ட் 5. கொங்கோ 4. தாங்கும் எண்தான் அந்தக் கப்பலை மூழ்கடித்தால் கிடைக்கும் புள்ளியும். கடைசி அடி யாருடையதோ, முழுப் புள்ளியும் அவருக்கே.

ஒரு முறைக்கு ஒரு சீட்டு இறக்கலாம், இல்லையென்றால் ஒன்றைக் கழிக்கலாம். அப்புறம் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். சால்வோ (பல பீரங்கிகள் ஒரே சமயத்தில் சுடுவது) சீட்டில் உள்ள அங்குலம் நம் வரிசையில் மிதக்கும் ஏதாவது ஒரு கப்பலோடு பொருந்தினால்தான் சுடலாம். 11, 12.6 அங்குல சால்வோ அதிகபட்சம் 2 அடி. 14, 15 அங்குலம் 3. 16, 18 அங்குலம் 4. புகைத்திரை இறக்கினால் நம் அடுத்த முறை வரை யாரும் நம்மேல் சால்வோ சுட முடியாது. பழுதுநீக்கம் ஒரு கப்பல்மேல் விழுந்த ஒரு சால்வோவை எடுத்துவிடும். நீர்மூழ்கிக்குப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் இலக்கு காலி. விமானந்தாங்கி வைத்திருப்பவர் சீட்டு இறக்குவதற்குப் பதிலாகப் பகடை உருட்டலாம், 1 விழுந்தால் ஒரு கப்பல் போச்சு. நாசகாரி (டெஸ்ட்ராயர்) அணியை இந்த முறை வைத்தால் அடுத்த முறை பகடை உருட்டி, விழுந்த எண்ணிக்கை அடிகளை ஒரே ஆளின் கப்பல்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதற்குள் மற்றவர்கள் சேர்ந்து 4 அடி கொடுத்தால் அணி அழியும். கண்ணி வயல் (கடல் கண்ணிவெடிகள்) யார் முன்னால் விழுகிறதோ, அவர் அவற்றை அகற்றும் கண்ணிவாரி சீட்டை இறக்கும்வரை சால்வோ சுட முடியாது.

சந்தேகங்கள் மூன்று. என்னிடம் இருந்த ஒரே 15 அங்குலக் கப்பல் மூழ்கிவிட்டால் கையில் உள்ள 15 அங்குல சால்வோக்களை என்ன செய்வது? புகைத்திரை நீர்மூழ்கியையும் விமானத்தையும் தடுக்குமா? புகைக்குள் இருக்கும் நாசகாரி அணியைச் சுடலாமா?

விதியைவிடப் பெரிய கேள்வி இது: எங்கள் மேசையில் ஓயாமல் சுடுபவர் கடைசி இடத்துக்கும், பாதி நேரம் சீட்டைக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் முதல் இடத்துக்கும் வருகிறார்கள். ஏன்?

நங்கூரம்:
விதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பொருந்தாத சால்வோ கையிலேயே இருக்கட்டும், மொத்தமாக மாற்றித் தர வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழிப்பதற்கு ஆகும் நேரம்தான் அந்தக் கப்பலை இழந்ததற்கான தண்டனை. அதை எடுத்துவிட்டால் அங்குலப் பொருத்தம் என்ற விதிக்கே வேலை இல்லாமல் போய்விடும்.

புகைத்திரை பீரங்கிக்கு மட்டும். மூன்றாவதற்கு, நாசகாரி அணியைப் புகை மறைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறைத்தால், அணியை முன்பே வைத்திருப்பவர் புகையைப் போட்டுக்கொண்டு யாருக்கும் அஞ்சாமல் காத்திருப்பார்.

திமில்:
புகை விமானத்தைத் தடுக்காது என்பது எப்படிச் சரி? 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸ் அருகே நடந்த சமார் சண்டையில் அமெரிக்கர்களின் சின்ன விமானந்தாங்கிகள் தப்பியதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. மேலேயிருந்து பார்க்கும் விமானிக்கும் புகை புகைதானே?

நங்கூரம்:
அந்தச் சண்டையில் புகை யாரிடமிருந்து காப்பாற்றியது என்று பாருங்கள். ஜப்பானின் யமாட்டோவும் அதனுடன் வந்த போர்க்கப்பல்களும் குரூசர்களும் பீரங்கியால் சுட்டன. அந்தக் கண்களிலிருந்துதான் புகை மறைத்தது. அமெரிக்க நாசகாரிகள் அதே புகைக்குள்ளிருந்து வெளியே வந்து டார்பிடோ விட்டன. டார்பிடோக்களைத் தவிர்க்க யமாட்டோ வடக்கே திரும்பி ஓடியதில் சண்டையிலிருந்தே சிறிது நேரம் விலகிப்போனது. வெளியே வந்து தாக்கிய நாசகாரிகள் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. ஆக, புகை பீரங்கிக்கு எதிரானது, தாக்கப் போகும் நாசகாரி அடி வாங்கத்தான் செய்யும் என்ற இரண்டு விதிக்கும் அந்தச் சண்டையே நல்ல சான்று.

பீரங்கி38:
சுக்கான், உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். பதில் உங்கள் விதியிலேயே இருக்கிறது: முழுப் புள்ளியும் கடைசி அடிக்கு. அதற்கு முந்தைய அடிகளுக்குப் பூஜ்யம். அப்படியானால் கப்பலைக் கொல்லாத ஒவ்வொரு சால்வோவும் நீங்கள் உங்கள் கைச்சீட்டைச் செலவழித்து இன்னொருவருக்குச் செய்யும் உதவி. யாருக்கு? உங்களுக்கு அடுத்து ஆடுபவருக்குத்தான் முதலில்.

9 தாங்கும் கப்பல்மேல் 3 அடி போடுகிறீர்கள். மீதி 6. ஒரே சீட்டில் 6 அடி கொடுக்க எவராலும் முடியாது, ஆபத்தில்லை. அடுத்து ஒருவர் 2 போடுகிறார், மீதி 4. இப்போது 16 அங்குலம் வைத்திருக்கும் யாரும் ஒரே சீட்டில் 9 புள்ளியை அள்ளலாம். அந்த 2 அடியைப் போட்டவர் தன் சீட்டையும் இழந்தார், போட்டியாளரையும் வளர்த்தார். ஓயாமல் சுடுபவர் கடைசியில் நிற்பதன் காரணம் இதுதான். கழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி இல்லை. கையில் ஒரு பெரிய சால்வோவையும் ஒரு சிறிய சால்வோவையும் எப்போதும் வைத்துக்கொண்டு, பழுத்தது எது, அதாவது ஒரே அடியில் முடிக்கக்கூடிய கப்பல் எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது மீதி எண்ணை மட்டும் அல்ல. உங்களுக்கு அடுத்து இருப்பவரின் வரிசையில் எந்தெந்த அங்குலம் மிதக்கிறது? கப்பல்கள் வெளிப்படையாகத்தானே இருக்கின்றன! அவரிடம் 11ம் 12.6ம் மட்டும் இருந்தால் அவர் சால்வோவின் உச்சம் 2 அடி. அப்போது மீதி 3இல் விட்டாலும் அவர் எடுக்க முடியாது. அவருக்கும் அடுத்தவரிடம் 15 அங்குலம் இருந்தால் அவர் எடுப்பார். மீதி எண்ணை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்து, உங்கள் முறை மறுபடி வரும்வரை யாராலும் முடிக்க முடியாது என்று தெரிந்தால் மட்டும் அடியுங்கள். ஆறு பேர் ஆட்டத்தில் இப்படி அமைவது அபூர்வம், மூவர் ஆட்டத்தில் அடிக்கடி அமையும். ஆள் குறையக் குறைய முதல் அடிக்கு மதிப்புக் கூடுகிறது.

அலைமகன்:
அண்ணா, எல்லோரும் இப்படியே யோசித்தால் யாருமே முதல் அடி அடிக்க மாட்டார்களே? ஆட்டம் நகராதே?

பீரங்கி38:
நகரும் தம்பி. கை நிறைந்துதான் இருக்கும், ஒவ்வொரு முறையும் ஒன்று இறக்கியோ கழித்தோ ஆக வேண்டும். கழிக்கப் போகிற சின்ன சால்வோவை 9 தாங்கும் கப்பல்மேல் போடுவதில் நஷ்டம் இல்லை. மீதி 7, 8 என்று இருக்கும்வரை எல்லோரும் தாராளமாகப் போடுவார்கள். மீதி 5 வந்ததும் எல்லோரும் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் 5ஐத் தொட்டால் அது நான்குக்குள் வந்துவிடும். அந்த 5இல் நிற்கும் கப்பல்கள்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டத்தின் மையம்.

கடற்காகம்:
பீரங்கி38 சொன்ன 5 கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். மூன்றாம் ஆளின் கப்பலை இரண்டு பேர் மாறி மாறி அடிக்கிறார்கள், இருவரும் 1 முதல் 4 வரை எதையும் போடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியை 5இன் மடங்காக விட்டுவிட்டு எதிராளியை அடிக்க வைப்பவர் வெல்வார். மீதி 9 என்றால் 4 அடி போட்டு 5இல் விடுங்கள். அவர் எத்தனை போட்டாலும் மீதியை நீங்கள் முடிக்கலாம். நிம் என்ற பழைய கணித விளையாட்டின் கணக்குதான் இது.

திமில்:
காகிதத்தில் சரி. மேசையில் மூன்று இடத்தில் உடைகிறது. எதிராளி அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, கழித்துவிடலாம். என் கையில் சரியாக 1 அடிச் சீட்டோ 4 அடிச் சீட்டோ இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தக் கப்பலின் சொந்தக்காரர் சும்மா இருக்க மாட்டார். பழுதுநீக்கத்தால் 4 அடி சால்வோவை எடுத்தால் மீதி 5 மறுபடி 9.

கடற்காகம்:
ஏற்கிறேன், ஆனால் அதன் பயன் முழுத் தீர்வு தருவதில் இல்லை. எங்கே நிறுத்தக்கூடாது என்று சொல்வதில்தான். அதோடு பழுதுநீக்கம் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு உத்தி ஒளிந்திருக்கிறது. பழுதுநீக்கம் ஒரு சால்வோச் சீட்டைத்தான் எடுக்கும். ஒரு கப்பல்மேல் 4 அடிச் சீட்டு ஒன்று இருந்தால் சொந்தக்காரருக்கு 4 திரும்பக் கிடைக்கும். 2ம் 2மாக விழுந்திருந்தால் 2தான் திரும்பும். அதனால் பெரிய சால்வோவை முடிக்கிற அடியாக வைத்துக்கொள்ளுங்கள், தொடக்கத்தில் துண்டு துண்டாகப் போடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், இதை யாரும் பேசவில்லை. கப்பல்கள் புள்ளிக்காக மட்டும் இருப்பவை அல்ல, கைச்சீட்டுக்கு அவைதான் சாவி. ஐந்து கப்பலில் மூன்று 15 அங்குலம், இரண்டு 14 அங்குலம் உள்ளவரின் கை பாதி செத்தது. 11, 12.6, 14, 15, 16 என்று ஐந்து விதம் உள்ளவரால் 18 அங்குலம் தவிர எதை எடுத்தாலும் சுட முடியும். ஆனால் இரண்டாமவரின் ஒவ்வொரு சாவியும் ஒற்றைச் சாவி. அவருடைய 16 அங்குலக் கப்பல் ஒன்று போனால் அவர் உச்சம் 4இலிருந்து 3க்கு இறங்கிவிடும். நான் இலக்குத் தேடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்: யாரிடம் எந்த அங்குலம் ஒன்றே ஒன்று இருக்கிறது? 5 புள்ளிக் கப்பலை மூழ்கடிப்பதால் ஒருவர் கையில் மூன்று சீட்டு செல்லாததாகிவிடும் என்றால், அதை 9 புள்ளிக் கப்பலுக்கு மேலாகவே மதிப்பேன்.

18 அங்குலம் இதற்கு நல்ல உதாரணம். 46 சென்டிமீட்டர் பீரங்கி பொருத்திப் போரிட்ட போர்க்கப்பல்கள் யமாட்டோவும் முசாஷியும் மட்டும்தான். மூன்றாவதாகத் தொடங்கிய ஷினானோவை விமானந்தாங்கியாக மாற்றிவிட்டார்கள். அதனால் சீட்டுக்கட்டில் 18 அங்குல சால்வோ இருந்தாலும் இரண்டே கப்பல்தான் சுட முடியும். இரண்டும் மூழ்கிய பிறகு அந்தச் சீட்டு யாருக்கும் உதவாது. அப்போது வந்து சேர்ந்தால் உடனே கழித்துவிடுங்கள்.

அலைமகன்:
12.6 என்ற அரைகுறை எண் எப்படி வந்தது?

கடற்காகம்:
இத்தாலியின் பழைய கவூர், தோரியா வகைக் கப்பல்களில் முதலில் 305 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. 1930களில் தொடங்கிய புதுப்பிப்பில் புதுக் குழாய் வார்க்காமல் அதே குழாயைக் குடைந்து 320 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். 12 அங்குலம் 12.6 ஆனது அப்படித்தான். அவற்றில் ஒன்றான ஜூலியோ சேசரேயை 1940 ஜூலை 9 அன்று பிரிட்டனின் வார்ஸ்பைட் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அடித்தது. ஓடும் கப்பல்மேல் பீரங்கி பட்ட மிக நீண்ட தொலைவுகளில் அதுவும் ஒன்று.

மீகாமன்:
பகடைச் சீட்டுகளைப் பற்றி நான் சொல்கிறேன். நீர்மூழ்கி ஆறில் இரண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 9 புள்ளிக் கப்பல்மேல் விட்டால் சராசரி 3 புள்ளி. சால்வோவை விட அதற்கு ஒரு பெரிய மேன்மை உண்டு: தவறினால் இலக்கு பலவீனமாகாது. அடுத்தவருக்கு எதையும் பழுக்க வைத்துக் கொடுக்காமல் தாக்கக்கூடிய வழி அது. அதனால் அதை 4 புள்ளிக் கொங்கோமேல் வீணாக்காமல், அடி படாத பெரிய கப்பலுக்கென்று வைத்திருங்கள்.

விமானந்தாங்கி ஆறில் ஒன்று. நான்கு முறை தொடர்ந்து உருட்டினால் ஒரு தடவையாவது விழும் வாய்ப்பு 52 சதவீதம். சராசரி முறைக்கு ஒன்றரைப் புள்ளி. கேட்கக் குறைவுதான், ஆனால் கைச்சீட்டு ஒன்றும் செலவாகவில்லை. இறக்க நல்ல சீட்டு இல்லாத முறையில் கழிப்பதைவிட உருட்டுவது மேல். நல்ல சால்வோ இருக்கும்போது உருட்டுவதுதான் தவறு.

நாசகாரி அணியை ஆறு பேர் ஆட்டத்தில் வைத்தால் உங்கள் முறை வருவதற்குள் ஐந்து பேர் ஆடிவிடுவார்கள். அணி பிழைப்பது கஷ்டம் என்று பலர் அதைக் கழித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அணியை அழிக்க அவர்கள் செலவிடும் 4 அடி உங்கள் கப்பல்மேல் விழாத 4 அடி. அழிக்காமல் விட்டாலோ அறுவடைதான். சராசரி மூன்றரை அடி, அதுவும் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவரின் மூன்று கப்பல்கள் ஒவ்வொன்றும் மீதி 1இல் நின்றால், பகடையில் 3 விழுந்தாலே மூன்றும் உங்களுக்கு. ஆக, அடிபட்ட கப்பல்கள் நிறைந்த வரிசையைக் கண்டால் அணியை இறக்குங்கள், புத்தம்புதிய வரிசைக்கு வேண்டாம்.

சுக்கான்:
மிகவும் பயனுள்ள பதில்கள், நன்றி. இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. முன்னணியில் இருப்பவரை எல்லோரும் சேர்ந்து அடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு எங்கள் மேசையில் ஓடும். கடைசியில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் வெல்கிறார்.

நங்கூரம்:
வேறென்ன நடக்கும்? முன்னணியை அடிக்கச் சொல்லி அதிகமாகக் குரல் கொடுப்பவர் பெரும்பாலும் இரண்டாம் இடத்தில் இருப்பவர்தான். மூழ்கடித்த கப்பல்களைக் கவிழ்த்து வைக்கும் விதியைக் கொண்டுவாருங்கள். யார் எவ்வளவு எடுத்தார் என்பதை அவரவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பேச்சுக்குத் தடை போட வேண்டாம், ஒப்பந்தம் பேசுவது பலர் ஆடும் ஆட்டத்தின் உயிர். ஆனால் கைச்சீட்டைக் காட்டக்கூடாது, கொடுத்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பீரங்கி38:
முன்னணிக்கு எதிராகக் கூட்டு சேர்வது தப்பில்லை, ஆனால் அடி சிதறினால் பயனில்லை. 1939 டிசம்பர் 13, பிளேட் ஆற்றுச் சண்டையில் 11 அங்குலப் பீரங்கி கொண்ட ஜெர்மன் கப்பல் கிராஃப் ஸ்பீக்கு எதிராக, பிரிட்டிஷ் தரப்புக் குரூசர்களில் எக்ஸெட்டர் ஒரு பக்கமும் ஏஜாக்ஸ், அக்கிலீஸ் மறுபக்கமும் வந்தன. கிராஃப் ஸ்பீ எக்ஸெட்டரைக் கடுமையாக அடித்தது. முடிப்பதற்குள் மற்ற இரண்டும் நெருங்கவே சுடுவதை அவற்றின் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. எக்ஸெட்டர் பின்வாங்கியது, கிராஃப் ஸ்பீயின் அடி சிதறியதில் மூன்றில் ஒன்றும் மூழ்கவில்லை. நான்கு நாளில் கிராஃப் ஸ்பீயை அதன் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். நம் ஆட்டத்திலும் ஒருவரின் ஐந்து கப்பலிலும் இரண்டிரண்டு அடி போட்டால் ஐந்தும் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். சாகும் வரை கப்பலின் பீரங்கி குறைவதில்லை என்பதை மறக்காதீர்கள்.

திமில்:
அதுதான் இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடிக்காத விதி. 8 அடி வாங்கிய யமாட்டோவும் 4 அடி சால்வோ சுடுகிறது. பாதிக்கு மேல் அடிபட்டால் ஓர் அடி குறையும் என்று மாற்றினால் என்ன?

மீகாமன்:
நியாயம்தான், ஆனால் மாற்றிப் பார்த்தால் அடிபட்டவர் மேலும் அடிபடுவார். திருப்பி அடிக்க முடியாத ஆளை எல்லோரும் சாப்பிட்டுவிடுவார்கள், அவர் சுற்று முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உண்மைக் கடல் அப்படித்தான் இருந்தது, ஆட்டத்துக்கு அது நல்லதல்ல.

சுக்கான்:
கடைசியாக ஒரு நிலைமை. நேற்றைய சுற்றில் வந்தது. என் வரிசையில் மிச்சம் வார்ஸ்பைட் (15), கொங்கோ (14, 2 அடி வாங்கியது), ஷார்ன்ஹோர்ஸ்ட் (11). கையில் 15 அங்குலம் 3 அடி, 14 அங்குலம் 2 அடி, புகைத்திரை, பழுதுநீக்கம், நீர்மூழ்கி. எதிரே முன்னணியில் இருப்பவரிடம் யமாட்டோ, மீதி 4. எனக்கு அடுத்து ஆடுபவரிடம் அயோவா, அடி படாதது. எதை இறக்கியிருக்க வேண்டும்?

கடற்காகம்:
நீர்மூழ்கி, யமாட்டோமேல். 15 அங்குல சால்வோ போட்டால் மீதி 1, அடுத்தவர் எந்தச் சீட்டாலும் எடுப்பார். 14 போட்டாலும் மீதி 2, அதே கதை. அயோவாமேல் நீர்மூழ்கி விட்டாலும் வாய்ப்பு அதே மூன்றில் ஒன்று, புள்ளி அதே 9. ஆனால் யமாட்டோ போனால் முன்னணியின் 18 அங்குலச் சீட்டுகளும் செத்துவிடும், அயோவாக்காரரின் கண்ணில் படும் இரையும் இருக்காது.

மீகாமன்:
ஆம். தவறினாலும் யமாட்டோ மீதி 4இலேயே நிற்கும், அதை எடுக்கச் சரியாக ஒரு 4 அடிச் சீட்டு வேண்டும். இடையில் வேறு யாராவது 1 அடி போட்டாலும், அது உங்கள் முறை வரை மிதந்தால், உங்கள் 15 அங்குல 3 அடி சரியாகப் பொருந்தும். வார்ஸ்பைட் அதுவரை பிழைக்க வேண்டும், அது ஒன்றுதான் உங்களிடம் உள்ள 15. அது அடி வாங்கினால் கொங்கோவை விட்டுவிட்டு அதற்கே பழுதுநீக்கம் போடுங்கள்.